அப்பத்தாவின் நவரத்தின மோதிரத்தில் எது ஒரிஜினல்?

அப்பத்தா விட்டுப்போன நவரத்தின மோதிரத்தைக் கடையில் காட்டியிருக்கிறீர்கள். "நடுவில் இருக்கிற மாணிக்கம் மட்டும்தான் ஒரிஜினல், மத்த எட்டும் கண்ணாடி, மாணிக்கத்தைக் கழற்றிக் கொடுத்தா நானே எடுத்துக்கறேன்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு கல்லுக்கும் என்ன குணம், வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. படித்தவுடன் எனக்குப் பட்டது இதுதான்: குணங்களைக் கேட்பதுபோலக் கேட்டாலும், அந்த ஆள் சொன்னதை நம்பலாமா என்பதைத்தான் கேட்கிறீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கழற்றக் கொடுக்காதீர்கள். ரத்தினவியல் படித்து இருபது வருஷத்துக்கு மேல் கல் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதிரி பழைய மோதிரங்களில் நான் பார்த்தது பெரும்பாலும் தலைகீழ்: முத்தும் பவளமும் கோமேதகமும் நிஜமாக இருக்கும், மாணிக்கம் ஃபாக்டரியில் பிறந்ததாக இருக்கும். உங்கள் மோதிரமும் அப்படித்தான் என்று போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியாது. போட்டோ பார்த்துக் கல்லுக்குத் தீர்ப்புச் சொல்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

ஏன் தலைகீழ் என்றால், போலி செய்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. விலை போகிற கல்லைத்தான் போலி செய்வார்கள். அகஸ்ட் வெர்னேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902-ல் மாணிக்கத்தை உலையில் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அலுமினிய ஆக்சைடு தூளோடு துளி குரோமியம் சேர்த்து, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எரிகிற தீ வழியாகச் சொட்டவிட்டால், 2000 டிகிரிக்கு மேலான சூட்டில் அது உருகி விழுந்து முள்ளங்கி மாதிரி ஒரு சிவப்புக் கட்டியாக வளரும். சில மணி நேரம் போதும். அந்தக் கட்டி ஐரோப்பாவிலிருந்து உலகம் பூராவும் போனது, நம் ஊர் ஆசாரிகளின் பட்டறைக்கும் வந்தது. "பர்மா கெம்பு" என்று பாட்டிமார் பெட்டியில் இருக்கும் தோடு, அட்டிகைகளில் எத்தனையோ இந்த வகைதான். அன்றைக்கு விற்றவருக்கே தெரியாமல் விற்றதும் உண்டு. ஒரு சின்னக் கோமேதகத்தைப் போலி செய்து அப்போது யாருக்கு என்ன லாபம்?

"ஒரிஜினல்" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இது என்ன பொருள்? மண்ணுக்குள் விளைந்ததா, மனிதன் வளர்த்ததா? விளைந்தபிறகு அதற்கு என்ன செய்திருக்கிறார்கள்? வெர்னேய் முறைச் சிவப்புக் கல் வேதியியல்படி மாணிக்கமேதான், கண்ணாடி இல்லை. அதே அலுமினிய ஆக்சைடு, அதே கடினம், அதே ஒளிவிலகல். முதல் கேள்வியில் பாஸ், இரண்டாவதில் ஃபெயில். கடைக்காரர் கையில் வைத்திருக்கும் சின்ன மெஷின் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. "மெஷின் சொல்லுது சார்" என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, பாதி பதிலாக இருக்கலாம்.

நிறத்தை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். சிவப்பாக இருப்பது மாணிக்கமாகவும் இருக்கலாம், ஸ்பினல், கார்னெட் என்ற வேறு கனிமங்களாகவும் இருக்கலாம், கண்ணாடியாகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் கிரீடத்தின் நெற்றியில் "கறுப்பு இளவரசரின் மாணிக்கம்" என்று பேர் வாங்கிப் பதிந்திருக்கும் பெரிய சிவப்புக் கல் ஒரு ஸ்பினல். ராஜ வம்சத்துக்கே அந்தக் கதி. அதே சமயம் மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம், இரண்டும் கொரண்டம். குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம், எதுவும் கலக்காவிட்டால் நிறமே இல்லை. மஞ்சளாக வந்தால் நம் ஊரில் அதற்குப் புஷ்பராகம் என்று பேர்.

வீட்டுச் சோதனைக்கு வருகிறேன். பாலில் போட்டால் பால் சிவக்கும், நீலமாகும் என்பது ஒளி ஊடுருவி விழுகிற நிறம்தான். நல்ல நிறமுள்ள கண்ணாடித் துண்டும் அதைச் செய்யும். கண்ணாடியைக் கீறுமா என்று பார்ப்பதும் வீண்: செயற்கை மாணிக்கமும் கீறும், சாதாரண ஸ்படிகமும் கீறும், கடைசியில் கெடுவது உங்கள் கல்லின் விளிம்புதான். ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அப்பத்தா அந்த மோதிரத்தைப் பல வருஷம் கையில் போட்டிருந்தார் என்கிறீர்கள். அப்படியானால் கடினச் சோதனையை அவரே நடத்தி முடித்துவிட்டார், நீங்கள் ரிசல்ட்டைப் படித்தால் போதும்.

1812-ல் ஃப்ரீட்ரிக் மோஸ் கனிமங்களைக் கடினத்தின்படி 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். ஸ்படிகம் 7, டோபாஸ் 8, கொரண்டம் 9, வைரம் 10. கண்ணாடி ஐந்தரை பக்கத்தில் நிற்கும். தெருப் புழுதியில் இருக்கும் நுண்மணல் பெரும்பாலும் ஸ்படிகம், அதாவது 7. ஆக, ஏழுக்குக் கீழே இருக்கிற எதையும் புழுதியே தேய்த்துவிடும். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. லூப்பைக் கண்ணோடு ஒட்டிவைத்து, மோதிரத்தை லூப்புக்கு ஒரு அங்குலம் முன்னால் கொண்டுவந்து, பட்டையும் பட்டையும் சேரும் விளிம்பைப் பாருங்கள். மாணிக்கம், நீலம், புஷ்பராகம் கொரண்டமாக இருந்தால் விளிம்பு இன்னும் கத்தி மாதிரி இருக்கும். கண்ணாடியாக இருந்தால் சோப்புக் கட்டியின் ஓரம் மாதிரி மழுங்கி, மேல்முகத்தில் குறுக்கும் நெடுக்கும் கீறல் ஓடியிருக்கும். எட்டும் கண்ணாடி என்ற கூற்றை உடைக்கவோ உறுதி செய்யவோ இது ஒன்றே பெரும்பாலும் போதும். மழுங்கிய கல்லுக்குள் உருண்டையான காற்றுக் குமிழ்களும் தெரிந்தால் அது கண்ணாடி என்பது இன்னும் உறுதி.

அடுத்து நடுக் கல். விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து அடித்து, மோதிரத்தை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். இசைத்தட்டில் ஓடும் பள்ளங்கள் மாதிரி நெருக்கமாக வளைந்த கோடுகள் தெரிந்தால் அது வெர்னேய் கல். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை, ஏனென்றால் மண்ணுக்குள் கொரண்டம் வளைந்து வளராது. இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடி, கோணத்தில் திரும்பும். கூடவே பட்டு நூல் போல மெல்லிய ஊசிகள் மூன்று திசைகளில் 60 டிகிரி கோணத்தில் வெட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்க்கலாம். அந்த ஊசிகள் ரூட்டைல் என்ற வேறொரு கனிமம். அவை நிறைய இருந்து, கல்லை மொழுமொழுவென்று குமிழாக வெட்டினால் ஆறு கதிர் நட்சத்திரம் விழும். நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் 563 காரட் "இந்தியாவின் நட்சத்திரம்" அப்படி ஒரு நீலம். பெயரில் இந்தியா, பிறந்தது இலங்கை. வளைகோடு தெரியவில்லை என்பதால் இயற்கைதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது எனக்கே சில நேரம் மைக்ரோஸ்கோப்பில் போராடித்தான் அகப்படும், செயற்கை மஞ்சள் கல்லில் இன்னும் மோசம்.

ஒரு முரண் இங்கே கவனிக்க வேண்டியது. வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று சிலப்பதிகாரத்தின் மதுரை ரத்தினக் கடைத்தெருவிலேயே பட்டியல் உண்டு. அவை இல்லாத கல்தான் உயர்ந்தது என்று அன்றைய வியாபாரிக்குத் தெரியும். இன்றைக்கு என் மேஜையில் அந்தக் குற்றங்கள்தான் கல்லின் பிறப்புச் சான்றிதழ். மாசு மருவே இல்லாத பெரிய மாணிக்கத்தைச் சல்லிசாக யாராவது நீட்டினால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்.

மூன்றாவது கேள்வி, கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பது. இலங்கையில் ரத்தினபுரிப் பக்கம் ஆற்றுப்படுகைக்குக் கீழே 'இல்லம்' என்று சொல்கிற சரளை அடுக்கைத் தோண்டிக் கூடையில் அலசிக் கல் எடுக்கிறார்கள். அங்கே கிடைக்கும் பால் நிறக் கொரண்டத்துக்கு 'கியூடா' என்று பேர். அதை முன்பெல்லாம் மதிக்க ஆளில்லை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை வாங்கிப்போய் உலையில் சுட்டு நல்ல நீலமாக மாற்றி விற்ற பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. இன்று சந்தையில் இருக்கும் நீலத்தில் பெரும்பங்கு சுட்டதுதான். சுட்டதைச் சொல்லி விற்றால் அதில் தப்பில்லை, நிறமும் போகாது. சுடாத கல்லுக்கு விலை அதிகம், அவ்வளவே. குறைந்த சூட்டில் லேசாகச் சுட்டதா இல்லையா என்பதை எந்த ஆய்வகமும் எல்லாக் கல்லிலும் அடித்துச் சொல்ல முடியாது. ஈயக் கண்ணாடி அடைத்த மாணிக்கம் வேறு விஷயம். விரிசல் விழுந்த மட்டமான கல்லில் உருகிய ஈயக் கண்ணாடியை ஊற்றி விரிசலை மறைப்பது. 2004 வாக்கில் சந்தைக்கு வந்தது. ஒரு அம்மா மோதிரத்தை விரலுக்குப் பெரிசாக்கக் கொடுத்திருந்தார். பத்தர் ஊதுகுழல் தீயைக் காட்டியதும் கல் சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டது. பத்தரோடு சண்டை போட்டுவிட்டு என்னிடம் வந்தார். லூப்பில் சாய்த்துப் பார்த்தால் விரிசல்களுக்குள் நீல மின்னல், ஆரஞ்சு மின்னல், தட்டையான குமிழ்கள். பத்தர் பாவம், அவர்மேல் தப்பில்லை. விற்ற இடத்தில் "இயற்கை மாணிக்கம்" என்று பில் போட்டிருந்தார்கள். எலுமிச்சைச் சாறே அந்த அடைப்பை அரித்துவிடும்.

புஷ்பராகத்தில்தான் பெயர்க் குழப்பம் அதிகம். ஜோதிடர் எழுதிக்கொடுப்பது மஞ்சள் கொரண்டம். அகராதி டோபாஸ் என்று சொல்லும். மலிவாகக் கையில் வந்து சேருவது பல நேரம் சிட்ரின், அதாவது மஞ்சள் ஸ்படிகம். அதிலும் பாதி, செவ்வந்திக் கல்லைச் சுட்டு மஞ்சளாக்கியது. உதிரிக் கல்லாக இருந்தால் இவற்றை வீட்டிலேயே பிரிக்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் கல்லை எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 2.10 கிராம் கல்லுக்குத் தண்ணீரில் 0.53 காட்டினால் விடை 3.96, கொரண்டத்தின் 4.00-க்குப் பக்கம். 0.79 காட்டினால் 2.66, அது சிட்ரின். டோபாஸ் என்றால் 3.53 பக்கம் வரும். ஐந்து காரட்டுக்குக் குறைந்த கல்லில், அதாவது ஒரு கிராமுக்குக் கீழே, தராசின் பிழையே விடையைக் கவிழ்த்துவிடும். மோதிரத்தில் பதித்த கல்லுக்கு இந்த வித்தை உதவாது. இதுவும் முதல் கேள்விக்கான பதில்தான், செயற்கைக் கொரண்டமும் 4.00 தான் காட்டும்.

கோமேதகத்திலும் இதே கூத்து. மோதிரத்தில் வைக்கும் தேன் நிறக் கோமேதகம் ஹெசனைட் என்கிற கார்னெட். லூப்பில் பார்த்தால் வெல்லப்பாகு கரையும்போது தண்ணீருக்குள் நெளிநெளியாக ஓடுமே, அந்த மாதிரி உள்ளே கலங்கலாகத் தெரியும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. சிலர் ஜிர்கானைக் கோமேதகம் என்பார்கள். ஜிர்கானும் நிஜமான இயற்கைக் கல்தான், இலங்கையின் மாத்தறைப் பக்கம் கிடைக்கும் வெள்ளை ஜிர்கானை ஒரு காலத்தில் மாத்தறை வைரம் என்றே விற்றார்கள். மேலிருந்து லூப்பில் பார்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்பு ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரியும், அதுதான் அதன் அடையாளம். இன்றைக்குக் கவரிங் கடையில் "ஜிர்கான்" என்று சொல்லுகிறார்களே, அது க்யூபிக் ஜிர்கோனியா, 1970-களில் சந்தைக்கு வந்த செயற்கைப் பொருள். இரண்டிலும் ஜிர்கோனியம் என்ற தனிமம் உண்டு, ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள்.

வைடூரியம் என்று இன்று சொல்வது கிரிசோபெரில் பூனைக்கண். கடினம் எட்டரை. விளக்கு வெளிச்சத்தில் ஒற்றைக் கோடு கூர்மையாக ஓடி, கல்லைத் திருப்பினால் கூடவே நகரும். ஸ்படிகப் பூனைக்கண்ணில் அந்தக் கோடு சற்று மங்கல். கோடு அச்சடித்த மாதிரி அநியாயத்துக்குத் துல்லியமாக இருந்தால், கல்லைப் பக்கவாட்டில் பாருங்கள், தேன்கூடு மாதிரி அறைகள் தெரிந்தால் அது கண்ணாடி இழை. ஒரு கிளைக்கதை: பழைய காலத்தில் வைடூரியம் என்ற சொல் பெரில் கல்லைக் குறித்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. பிராகிருதத்தில் வேருலியம் ஆகி, கிரேக்கத்துக்குப் போய், அங்கிருந்து பெரில் ஆனது. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பெரில் கிடைத்தது, கொடுமணல் அகழாய்வில் கல் பட்டை தீட்டிய பட்டறைகளின் தடமே வெளிவந்தது. ரோமாபுரிக்குப் போன கல்லில் நம் கொங்கு மண்ணுக்கும் பங்குண்டு.

அதே பெரிலில் குரோமியமோ வனேடியமோ கலந்து பச்சையானால் மரகதம். மரகதத்தில் விரிசல் இல்லாதது அபூர்வம், அதை எண்ணெய் ஊற்றி மறைப்பது நெடுநாள் வழக்கம், வியாபாரத்தில் ஏற்றுக்கொண்டதும்கூட. அதனால்தான் மரகத நகையை அல்ட்ராசோனிக் மெஷினில் போடவோ வெந்நீரில் ஊறவைக்கவோ கூடாது என்பது. எண்ணெய் வெளியேறினால் நேற்றுவரை தெரியாத விரிசலெல்லாம் இன்று முகத்தில் தெரியும். கடினம் ஏழரைக்கு மேல் இருந்தும் அடி தாங்காது. கடினம் வேறு, உறுதி வேறு. உலகத்திலேயே கடினமான வைரத்துக்கும் பிளவுத் தளம் நான்கு திசையில் உண்டு, சரியான இடத்தில் தட்டினால் பிளந்துவிடும்.

முத்தும் பவளமும் கல்லே அல்ல, இரண்டும் உயிர் செய்த கால்சியம் கார்பனேட். உங்கள் மோதிரத்தில் முத்து தேய்ந்து, பவளத்தின் பளபளப்பு மங்கிப் போயிருந்தால் சந்தோஷப்படுங்கள், நிஜமான முத்தும் பவளமும் அப்படித்தான் வயதாகும். இத்தனை வருஷம் கழித்தும் முத்து புதுசு மாதிரி ஜொலித்தால்தான் யோசிக்க வேண்டும். முத்தின் ஓரத்தைப் பல்லில் மெதுவாக உரசினால் நிஜ முத்து நறநறக்கும், போலி வழுக்கும். ஆனால் வளர்ப்பு முத்தும் நறநறக்கும், இயற்கையா வளர்ப்பா என்பதற்கு எக்ஸ்ரேதான் வழி. சாயம் ஏற்றிய பவளத்தை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சு காட்டிக்கொடுக்கும், அதையும் பின்பக்கம் ஒரு மூலையில் மட்டும் வைத்துப் பாருங்கள். புளி, எலுமிச்சை இரண்டும் இந்த இரண்டுக்கும் எமன். வைரத்தோட்டுக்குப் போடுகிற பூந்திக்கொட்டைத் தண்ணீரில் முழு மோதிரத்தையும் ஊறப்போடாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.

வைரத்தைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள், சின்னக் கல் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைகளில் இருக்கும் வெப்பக் கடத்தல் பேனா, க்யூபிக் ஜிர்கோனியாவையும் கண்ணாடியையும் பிடித்துவிடும். வைரம் போலவே தோன்றும் மாய்சனைட் என்ற செயற்கைக் கல்லில் அது பெரும்பாலும் ஏமாறும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தை அதனால் பிரிக்கவே முடியாது, காரணம் அதுவும் வைரமேதான். உங்கள் மோதிரம் பழசு என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு அநேகமாக இல்லை, யாராவது இடையில் கல் மாற்றியிருந்தால் ஒழிய. "ப்ளூ ஜாகர்" என்று பெரியவர்கள் சொல்வது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. இன்று அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் கல்லெல்லாம் அங்கிருந்து வந்ததில்லை.

கடைசியாக, இந்தக் கல் ராசிக்கு ஒத்துவருமா, செயற்கைக் கல் பலன் தருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் படிப்பு அந்தப் பக்கம் போகாது. எந்தக் கருவியிலும் நான் அதை அளந்ததில்லை, அதனால் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லும் தகுதி எனக்கில்லை.

இனி செய்ய வேண்டியது: முதலில் லூப்பில் விளிம்புகளைப் பாருங்கள். கத்தி போல இருக்கும் கற்கள் எவை, மழுங்கியவை எவை என்று ஒரு தாளில் படம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கல் விற்காத, வாங்காத ஒரு ஆய்வகத்துக்கு மோதிரத்தை அப்படியே எடுத்துப் போங்கள். மாணிக்கம், நீலம், மரகதம் மூன்றுக்கு மட்டும் ரிப்போர்ட் கேட்டால் போதும், ஒன்பதுக்கும் கொடுக்கிற செலவு மிச்சம். ரிப்போர்ட்டில் "இயற்கை" என்று இருந்தால் அதற்கு அடுத்த வரியில் சூடேற்றம், அடைப்பு பற்றி என்ன போட்டிருக்கிறார்கள் என்று படியுங்கள். எந்த நாட்டுக் கல் என்று எழுதியிருந்தால் அது நிபுணரின் கருத்து என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் மூடிக் கட்டிய பழைய மூடுகட்டு மோதிரத்தில் கல்லுக்குப் பின்னால் நிறத் தகடு வைத்திருப்பார்கள், அதனால் சில கற்களுக்கு "கழற்றாமல் முடிவு சொல்ல இயலாது" என்று எழுதித் தரலாம். அப்போதும் கழற்றுவதாக இருந்தால், நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய ஒவ்வொரு கல்லையும் அங்கேயே எடை போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.